முதல் பாடத்துக்கு எது: ஆமை முதுகா, தியாமத்தின் உடலா?

உலகம் உண்டானதைச் சொல்லும் படைப்புக் கதையைப் பிள்ளைகளுக்கு எழுதப் பழக்க ஆமைக் கதையையே முதலில் கொடுங்கள். வட அமெரிக்கப் பழங்குடிகளான இரோகுவா மக்கள் இன்றும் சொல்லும் கதை அது. 'கட்டுக்கதை' என்று ஒதுக்க வேண்டாம். வானத்துப் பெண் விழுகிறாள். கஸ்தூரி எலி நீரில் மூழ்கி ஒரு பிடி மண் கொண்டுவருகிறது. ஆமை முதுகில் அது நிலமாய் விரிகிறது. முன்பு என்ன இருந்தது, யார் செய்தார், எதிலிருந்து என்ற மூன்றுக்கும் ஒரே வாசிப்பில் விடை கிடைக்கும்.

பண்டைய பாபிலோனின் படைப்புக் காவியமான எனூமா எலிஷ் 7 களிமண் பலகை நீளம். அதில் மர்துக் என்ற கடவுள், கடல் தெய்வமான தியாமத்தைக் கொன்று, பிளந்த உடலில் ஒரு பாதியை வானமாக்குகிறான். இதை மாதிரியாக வைத்தால் பிள்ளைகள் பக்கம் பக்கமாகச் சண்டை எழுதி, உலகம் உண்டாவதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மர்துக் கடவுள்களின் அரசனாகும் கதையும் இதுதான்; அரசதிகாரம் பற்றிப் பேசும்போது எடுங்கள்.

எதை எடுத்தாலும், 'ஒன்றுமே இல்லை' என்று தொடங்கும் பிள்ளை இரண்டாம் வரியில் சிக்கிக்கொள்ளும். நீரோ, சேறோ, முட்டையோ, கையில் ஒரு பொருளைக் கொடுங்கள்.