டூப்ளிகேட் நீக்க 49 டாலர் கட்டினேன், பாட்டே போய்விட்டது

பாட்டுத் தொகுப்பை ஒழுங்குபடுத்தித் தருகிறோம், ஒரே பெயரில் கிடக்கும் டூப்ளிகேட்டுகளை நீக்கித் தருகிறோம் என்று ஆண்டுச் சந்தா வாங்கும் மென்பொருள் ஏதாவது கண்ணில் பட்டால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 49 டாலர் கட்டினேன். உள்ளே போனது 14,000 ஃபைல், மிஞ்சியது 9,000 சொச்சம். போனதில் பெரும்பாலானவை டூப்ளிகேட்டே கிடையாது.

பழைய சிடிகளைக் கணினியில் ஏற்றியவர்களுக்கு இது புரியும். ஆல்பம் விவரம் கிடைக்காத சிடியை ஏற்றினால் முதல் பாட்டுக்கு ‘ட்ராக் 01’ என்றுதான் பெயர் விழும். எத்தனை சிடியோ அத்தனை ‘ட்ராக் 01’. தனித்தனி ஃபோல்டரில் இருக்கும்வரை சண்டை இல்லை. ஒரே இடத்தில் கொட்டினால்தான் வம்பு.

அதனால்தான் கட்டும் முன்பே அவர்களுடைய சாட்டில் கேட்டேன்: “ஒரே பெயரில் வேறு வேறு பாட்டு இருந்தால் என்ன ஆகும்?” ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது: “கவலையே வேண்டாம். நாங்கள் பெயரைப் பார்ப்பதில்லை, ஒலியை வைத்தே அடையாளம் காண்கிறோம்.” அப்படி ஒரு நுட்பம் உண்மையிலேயே இருக்கிறது. குரோமாபிரின்ட் என்ற இலவச நிரல் பாட்டின் ஒலியிலிருந்து கைரேகை மாதிரி ஒன்றை எடுத்துத் தரும், அதை வைத்து ஒப்பிடலாம். இவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று நம்பினேன். தொடங்கும் பொத்தானுக்குக் கீழே ‘முதலில் காப்பு நகல் எடு’ என்ற கட்டத்தில் டிக்கும் தயாராகப் போட்டிருந்தது. இருந்த கொஞ்சநஞ்ச பயமும் அதைப் பார்த்ததும் போய்விட்டது. 49 டாலரும் போனது.

ஓடி முடிந்ததும் திரையில் வண்ணக் காகிதம் பறந்தது, ‘வாழ்த்துகள்’ என்று. ஃபோல்டரைத் திறந்தால் ‘ட்ராக் 01’ ஒன்றே ஒன்று. இரண்டு சிடி உள்ள ஆல்பங்களில் இரண்டாவது சிடியின் பாட்டுகள் முதல் சிடியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. மேடையில் பாடியதும் ஸ்டூடியோவில் பாடியதும் ஒரே பெயர் என்பதால் ஒன்று காலி. இதைவிடக் கொடுமை, பெயருக்குப் பின்னால் இருக்கும் ஃபார்மட்டைக்கூடப் பார்க்கவில்லை. ஃப்ளாக்கும் (ஒலியில் எதையும் விடாமல் சுருக்கும் ஃபார்மட்) எம்பி3யும் (அளவைக் குறைக்க ஒலியில் கொஞ்சத்தை விட்டுவிடும் ஃபார்மட்) ஒரே பெயரில் இருந்த இடத்தில் தேதி புதிதாக இருந்த 128 கேபிபிஎஸ் எம்பி3யை வைத்துக்கொண்டு ஃப்ளாக்கை அழித்திருக்கிறது. 25 எம்பி இருந்த நாலு நிமிஷப் பாட்டு இப்போது 4 எம்பி. விட்டுப்போன ஒலியை எம்பி3யிலிருந்து யாரும் மீட்டுத் தர முடியாது.

ரீசைக்கிள் பின்னில் ஒன்றும் இல்லை. ஒரு ஃபைலின் மேல் இன்னொன்றை எழுதினால் பழையது அங்கே போவதில்லை. சரி, காப்பு நகல் இருக்கிறதே என்று தேடினால் அது மொத்தமே 2 எம்பி. ஃபைல் பெயர்களின் பட்டியல் மட்டும்! வீட்டைக் கொள்ளையடித்துவிட்டு, என்னென்ன எடுத்தோம் என்று ரசீது எழுதி வைத்த மாதிரி.

பணம் கட்டும் முன் ஒரு நிமிஷத்தில் பதில் வந்த அதே சாட்டில் இப்போது ரோபோ. “மறுபடி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்” என்றது. ஓட்டினால் மிச்சமும் போகுமே! பிறகு ஒரு மனிதர் வந்து, “உங்கள் பாட்டுகளில் டேக் சரியில்லை” என்றார். டேக் என்றால் ஃபைலுக்குள்ளேயே எழுதியிருக்கும் பாடியவர், ஆல்பம் போன்ற விவரம். டேக் எல்லாம் சரியாக இருந்தால் நான் எதற்கு 49 டாலர் கட்டப்போகிறேன்? அடுத்தவர் நிபந்தனைகளைக் காட்டினார்: தரவு இழப்புக்கு அவர்கள் பொறுப்பல்லவாம். பழைய சாட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். ஒலியை ஒப்பிடுவது மேல்நிலைத் திட்டத்தில்தான் உண்டாம், இன்னும் பணம் கட்டினால் திறந்துவிடுவார்களாம். 49 டாலரைத் திருப்பிக் கேட்டதற்கு, “சேவையைப் பயன்படுத்திவிட்டீர்கள்.” அதற்கு மறுநாள் ஐந்து நட்சத்திரம் கேட்டு ஒரு மின்னஞ்சல் வேறு.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இந்த எரிச்சலில் முடியவில்லை. ஃபைல் பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து எதையும் அழிக்க விடாதீர்கள். எஸ்எச்ஏ-256 ஹாஷ் (ஃபைலின் மொத்த உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிடும் அடையாளக் குறி) ஒத்துப்போனால் இரண்டும் ஒரே ஃபைல், ஒன்றை அழிக்கலாம். ஒத்துப்போகாவிட்டால் வேறு பாட்டு என்று அர்த்தமில்லை, டேக்கில் ஓர் எழுத்தை மாற்றினாலே ஹாஷ் மாறிவிடும். பெயர் மாற்றும்போது பாடியவர், ஆல்பம், சிடி எண், ட்ராக் எண் எல்லாம் பெயரில் வரட்டும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குக் கொண்டுவந்தால் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் மட்டும் உள்ள பெயர்களும் மோதும். மோதினால் விட்டுவிடுமா, மேலே எழுதுமா, (1) என்று சேர்க்குமா என்று கேட்கிற அமைப்பு செட்டிங்கில் இல்லையா, அந்த மென்பொருளைத் தொடவே வேண்டாம். நகலை நீங்களே வேறு டிஸ்க்கில் எடுத்து, திறந்து, ஒரு பாட்டை ஓடவிட்டுப் பாருங்கள்.

49 டாலருக்காக கார்டு கொடுத்த வங்கியில் புகார் போட்டிருக்கிறேன். அப்புறம், ஏற்கெனவே கட்டியவர்கள் தானாகப் புதுப்பிக்கும் சந்தாவை உடனே நிறுத்துங்கள். அதை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எனக்கும் சொல்லுங்கள், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.