இடுப்புப் பை, ஃபாரெக்ஸ் கார்டு: பாங்காக் கொள்முதலில் வருஷக்கணக்கில் பழகிய பிறகு

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எனக்கு ரெடிமேட் கடை. லேடீஸ் டாப்ஸ் எடுக்க பாங்காக் பிரதூநாம் மார்க்கெட்டுக்குப் போய் வருவேன். "அவ்ளோ பணத்த எப்படிண்ணே கொண்டு போற?" என்று கேட்காத ஆளில்லை. எல்லாருக்கும் பயம் பிக்பாக்கெட் மேல். என் கணக்கில், திருடன் அடிப்பதைவிட கரன்சி மாற்றுவதில் போவதுதான் ஜாஸ்தி. அதையும் நாமே பட்டன் அழுத்திக் கொடுக்கிறோம்.

முதலில் பை. கடையில் விற்கிற நைலான் மணி பெல்ட் அந்த ஊர் புழுக்கத்துக்கு உழைக்கவில்லை. வேர்வையில் இடுப்பு அரித்தது, பக்கிளும் விட்டுப்போனது. எங்கள் தெரு டெய்லர் காடாத் துணியில் தைத்துக் கொடுத்தது இன்னும் ஓடுகிறது. பாஸ்போர்ட் படுக்கையாக நுழையும் அகலம், நடுவில் ஒரு தடுப்பு, கட்டிக்கொள்ள நாடா. ஜிப் உடம்புப் பக்கம் வரணும். டெய்லரிடம் இதை மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள். நோட்டை ஜிப் கவரில் போட்டுத்தான் உள்ளே வைக்கணும், இல்லையென்றால் மதியத்துக்குள் நமுத்துவிடும்.

இந்தப் பையைத் தெருவில் திறக்கவே கூடாது. அன்றைய செலவுக்கானதை ரூமிலேயே எடுத்து பேன்ட் முன்பாக்கெட்டில் வைத்துக்கொள்வேன். சதுசக் வாரச்சந்தை நெரிசலில் எவனாவது கை விட்டாலும் அதோடு போகும். பாரிமுனையில் பஸ் ஏறிப் பழகியவர்களுக்கு இதெல்லாம் பாடமே எடுக்க வேண்டாம். கோலாலம்பூர் பக்கம் போனால் மட்டும் தோள்பையை ரோட்டுப் பக்கம் தொங்கவிடாதீர்கள், பைக்கில் வந்து இழுத்துவிடுவார்கள்.

நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் எடுத்துப்போக அனுமதி, மீதி கார்டில். மண்ணடியில் டாலர் வாங்கும்போது, "பாய், சீல் விழாத, மடிப்பில்லாத நூறு டாலர் நோட்டா குடுங்க" என்று கேட்டு வாங்குவேன். "உங்களுக்குன்னே தனியா எடுத்து வெக்கணும்ண்ணே" என்று சலித்துக்கொண்டேதான் எண்ணிக் கொடுப்பார். காரணம் இருக்கிறது. பாங்காக்கில் சூப்பர்ரிச் என்கிற பணம் மாற்றும் கடையின் கவுண்டரில் நூறு டாலர் நோட்டுக்கு ஒரு ரேட், சின்ன நோட்டுகளுக்கு அதைவிடக் குறைந்த ரேட். பாஸ்போர்ட்டும் கேட்பார்கள்.

அடுத்து ஃபாரெக்ஸ் கார்டு, அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போகிற கார்டு. கார்டு போட்டுக் கொடுத்த இடத்தில் டாலரை ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். டாலர் ஏற்றிய கார்டைத் தேய்த்து தாய்லாந்துப் பணமான பாட் கணக்கில் கட்டினால் தனியாக ஒரு பிடித்தம் உண்டு என்று வாயே திறக்கவில்லை. ஸ்டேட்மென்ட்டில் பார்த்துத்தான் தெரிந்தது. பாட் பணத்தையே ஏற்ற முடிகிற கார்டும் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். ஏ.டி.எம்.மில் வெளிநாட்டுக் கார்டுக்குத் தடவைக்கு 220 பாட்டாவது கட்டணம். அதனால் ஆயிரம் ஆயிரமாக எடுப்பது வெட்டி வேலை, மொத்தமாக எடுத்துவிடுங்கள்.

பட்டன் என்று சொன்னேனே, அது இதுதான்: நம்ம ஊர் பேங்க் கார்டைப் போட்டால் ஏ.டி.எம். திரையும் கடை மெஷினும் "ரூபாயில் கழிக்கட்டுமா?" என்று அன்பாகக் கேட்கும். ஆமாம் என்றால் ரேட்டை அவர்கள் வைப்பார்கள், நல்ல ரேட்டாக இருக்காது. எப்போதும் பாட் என்பதையே தேர்ந்தெடுங்கள். ரூபாய்த் தொகையைக் கண்ணால் பார்த்தால் நமக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்குத்தான் காசு பிடுங்குகிறார்கள்.

இரண்டு கார்டுகள், இரண்டு இடங்களில். பேங்க் கார்டில் வெளிநாட்டு உபயோகத்தை ஆப்பிலேயே திறக்கலாம், மூடலாம். ரூமுக்கு வந்ததும் மூடிவிடுவேன். வெளிநாட்டில் பல இடங்களில் ஓ.டி.பி. கேட்காமலே பணம் போய்விடும். கார்டு விவரம் வேறெங்கோ கசிந்து, நம் தவறில்லாமல் பணம் போயிருந்தால், 3 வேலை நாளுக்குள் பேங்கில் புகார் செய்துவிட்டால் நஷ்டம் நம் தலையில் விழாது. ரிசர்வ் வங்கி 2017-லேயே சொன்னது. கார்டைத் தொடாமலே விவரம் திருடுவதைத் தடுக்கும் என்று ஆர்.எஃப்.ஐ.டி. தடுப்பு பர்ஸ் விற்கிறார்களே, அதற்குக் காசு கொடுப்பது வீண் என்பது என் அபிப்பிராயம்.

பாங்காக் அரண்மனை வாசலில் டுக்டுக் ஆட்டோக்காரன் "இன்னிக்கு லீவு" என்று சொன்னால் நம்பாமல் உள்ளே போய்ப் பாருங்கள். அவன் கூட்டிப்போவது ரத்தினக் கல் கடைக்கு. தகராறு என்றால் டூரிஸ்ட் போலீஸ் நம்பர் 1155.

மீந்த பாட் நோட்டை மண்ணடியிலேயே மாற்றிக்கொள்ளலாம். சில்லறைக் காசை ஏர்போர்ட்டிலேயே தண்ணி பாட்டில் வாங்கித் தீர்த்துவிட்டு வாங்க, இங்கே எவரும் வாங்குவதில்லை.