முதல் வேடத்தைத் தேர்வோருக்கு ‘ஃபைனல் ஃபேன்டசி 14’

இணையவழி மாயாஜால விளையாட்டுக்குள் புதிதாக நுழைபவரைத் திணறடிப்பது அரக்கர்கள் அல்ல, பாத்திரத்தை உருவாக்கும் முதல் திரைதான். வேறொரு விளையாட்டில் வலிமை, அறிவு, வேகம் மூன்றுக்கும் புள்ளிகளைச் சமமாகப் பங்கிட்டு, எதற்கும் உதவாத மந்திரவாதி ஒருவனை வளர்த்து, கடைசியில் அழித்துவிட்ட அனுபவம் எனக்குண்டு. 2013-இல் புதுவடிவம் பெற்ற ‘ஃபைனல் ஃபேன்டசி 14’-இல் அந்தக் கவலை இல்லை. புள்ளிகள் தாமாகவே சேர்வதோடு, எடுத்த தொழிலில் (அதாவது பாத்திரத்தின் போர்வகையில்) 10-ஆம் நிலைக்குரிய பணியை முடித்த பின் வேறு தொழில்களிலும் சேரலாம் என்பதால், ஆயுதத்தை மாற்றினாலே தொழிலும் மாறிவிடுகிறது.

நால்வர் குழுவில் அடிகளைத் தாங்கும் ஒரு டேங்க், குணப்படுத்தும் ஒரு ஹீலர், தாக்குபவர் இருவர் என்பதே வழக்கம். தயங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது ஆர்க்கனிஸ்ட் என்ற தொழில். 30-ஆம் நிலையில் அது தாக்கும் சம்மனராகவும் குணப்படுத்தும் ஸ்காலராகவும் கிளைக்கிறது, இரண்டுக்கும் நிலை பொதுவானது. இதில் ஒரு சிக்கலும் உண்டு: சம்மனராகவே உயர்ந்தவர், ஒருவரைக்கூடக் குணப்படுத்திப் பழகாமலேயே உயர்நிலை ஸ்காலராகிவிடுவார்.

டேங்க் வேடம் அச்சுறுத்தும் அளவுக்குக் கடினமன்று. ஆயினும் எதிரிகளைத் தன்பால் ஈர்க்கும் ‘ஸ்டான்ஸ்’ பொத்தானை அழுத்த வேண்டும். சஸ்தாஷா குகையில் நான் அதை மறந்தபோது, அத்தனை எதிரிகளும் ஹீலர் மீதே பாய்ந்தன (அவர் பொறுமைசாலி).

காலவரம்பற்ற இலவசப் பதிப்பில் 70-ஆம் நிலைவரை ஆடலாம். சில வசதிகள் மட்டும் அதில் கிடையாது.