அரை மாரத்தானிலிருந்து முழு மாரத்தானுக்கு: நான்கு பயிற்சி முறைகளில் உங்களுக்கு எது?

அரை மாரத்தானை நல்லபடியாக முடித்தவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: முழு மாரத்தானுக்கு எந்த பிளானை எடுப்பது? பிளான்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒன்று, பந்தயத்துக்கு முன் 32 கி.மீ. ஓடியே ஆக வேண்டும் என்கிறது. இன்னொன்று 26 கி.மீ. போதும் என்கிறது. மற்றொன்று முழுத் தூரத்தையும் முன்கூட்டியே ஓடியும் நடந்தும் கடந்துவிடச் சொல்கிறது. மூன்றிலும் சிரித்த முகத்தோடு முடித்தவர்கள் உண்டு. மூன்றிலும் காயத்தோடு பாதியில் நின்றவர்களும் உண்டு.

எல்லோருக்கும் பொதுவாக எது சிறந்தது என்று தேடிப் பயனில்லை. வாரத்தில் எத்தனை நாள் உங்களால் ஓட முடியும், உங்கள் மெதுவான ஓட்டத்தின் வேகம் என்ன என்ற இரண்டும் தெரிந்தால் பாதிப் பதில் கையில் வந்துவிடும். 26-ஆ 32-ஆ என்ற சண்டையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

21-க்கும் 42-க்கும் நடுவில்

ஓட்டத்தில் செலவாகும் ஆற்றலுக்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது: ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய 1 கிலோகலோரி. 65 கிலோ எடையுள்ளவர் 21.1 கி.மீ. ஓடினால் சுமார் 1,370 கிலோகலோரி, 42.195 கி.மீ. ஓடினால் சுமார் 2,740. தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாக, அதாவது சேமித்து வைத்த மாவுச்சத்தாக, சேர்ந்திருப்பது பலருக்கு 2,000 கிலோகலோரியை ஒட்டித்தான் இருக்கும். கொழுப்பும் கூடவே எரிவதால் இதை அப்படியே கூட்டிக் கழிக்க முடியாது. வேகம் கூடக் கூட கிளைகோஜனின் பங்கும் ஏறும். ஆனாலும் 30 கி.மீ. தாண்டியதும் பலர் சட்டென்று ஓய்ந்துபோவதற்கு முக்கியமான காரணம் இதுதான். அரை மாரத்தானை வழியில் ஒன்றும் சாப்பிடாமலே ஓடி முடித்துவிடலாம். முழுவதில் அந்தச் சலுகை கிடையாது.

அடுத்தது கால். பாதம் தரையில் படும் ஒவ்வொரு முறையும் தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் இது தொடரும்போது நுண்ணிய சேதங்கள் சேர்ந்துகொண்டே போகும். மூச்சு சீராக இருக்கும், பேசக்கூட முடியும், கால் மட்டும் எழும்பாது. அரை மாரத்தான் மட்டுமே ஓடியவர்களுக்கு இந்த அனுபவம் புதிது. நுரையீரலுக்குப் பயிற்சி கொடுத்ததெல்லாம் வீணா என்று தோன்றிவிடும். வீணில்லை, ஆனால் கால் அதே அளவுக்குத் தயாராக இன்னும் பல மாதங்கள் எடுக்கும்.

எவ்வளவு நேரத்தில் முடிப்போம் என்று கணக்குப் போட பலர் பயன்படுத்துவது பீட் ரீகலின் சூத்திரம். தூரம் இரட்டிப்பானால் நேரத்தை 2.085-ஆல் பெருக்கச் சொல்கிறது அது. அதன்படி 2 மணி நேர அரை மாரத்தான்காரர் 4 மணி 10 நிமிடத்தில் முடிக்க வேண்டும். வாரம் 80, 90 கி.மீ. ஓடுகிறவர்களுக்கு இது ஓரளவு ஒத்துவரும். வாரம் 40 கி.மீ. ஓடுகிறவர் இதை நம்பி இலக்கு வைத்தால் கடைசி 10 கி.மீ. நடைதான். முதல் மாரத்தானுக்கு அந்த விடையோடு குறைந்தது 15 நிமிடமாவது கூட்டிக்கொள்ளுங்கள் என்பேன்.

ஹால் ஹிக்டன் வழியும் ஹேன்சன்ஸ் வழியும்

அதிகம் பேரை இழுப்பது இந்த இரண்டும்தான். இரண்டுமே 18 வாரம். ஒற்றுமை ஏறக்குறைய அங்கேயே முடிந்துவிடுகிறது.

அமெரிக்க ஓட்டப் பயிற்சி எழுத்தாளர் ஹிக்டனின் தொடக்கநிலைப் பிளானில் வாரம் நான்கு நாள் ஓட்டம், ஒரு நாள் சைக்கிளோ நீச்சலோ, இரண்டு நாள் ஓய்வு. வார நடுவில் மூன்று மெதுவான ஓட்டங்கள், வார இறுதியில் ஒரு லாங் ரன், அதாவது அந்த வாரத்தின் மிக நீண்ட ஓட்டம். அது 10 கி.மீ.யில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒரே ஒருமுறை 32 கி.மீ.யைத் தொடுகிறது. நடுநடுவே தூரத்தைக் குறைத்து உடம்பைத் தேறவிடும் வாரங்களும் உண்டு. உச்ச வாரத்தின் மொத்தத் தூரம் சுமார் 64 கி.மீ. அரை மாரத்தானை ஏற்கெனவே முடித்தவர் இதன் இரண்டாம் தொடக்கநிலைப் பிளானை எடுப்பதே சரி. அதில் லாங் ரன் 13 கி.மீ.யில் தொடங்கும், மாரத்தான் பேஸில், அதாவது பந்தயத்தன்று ஓட நினைக்கும் வேகத்தில், ஓடும் நாட்களும் வரும்.

ஹேன்சன்ஸ் முறை அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த கெவின், கீத் ஹேன்சன் சகோதரர்களுடையது. வாரம் ஆறு நாள் ஓட்டம், புதன்கிழமை மட்டும் ஓய்வு. செவ்வாயன்று இன்டர்வல், அதாவது இடைவேளை விட்டுவிட்டு வேகமாக ஓடுவது. வியாழனன்று, பந்தயத்தில் எந்த வேகத்தில் ஓட நினைக்கிறீர்களோ அதே வேகத்தில் டெம்போ என்ற சீரான ஓட்டம். அது 16 கி.மீ. வரை நீளும். ஞாயிறன்று லாங் ரன், அதிகபட்சம் 26 கி.மீ. மீதி நாட்கள் மெதுவான ஓட்டம். உச்ச வாரங்களில் மொத்தம் 90 கி.மீ.யை நெருங்கும். முந்தைய நாட்களின் களைப்பு முழுதும் தீராமலே ஞாயிறு ஓடுவதால், அந்த 26 கி.மீ. மாரத்தானின் முதல் 26 கி.மீ. போல இருக்காது, கடைசி 26 போல இருக்கும் என்பது அவர்கள் வாதம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 26 போதும் என்ற ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, வாரம் 45 கி.மீ. ஓடிக்கொண்டு, ஹேன்சன்ஸ் முறையில் பயிற்சி எடுப்பதாகச் சொல்லிக்கொள்வார்கள். ஹேன்சன்ஸில் லாங் ரன் மொத்த வாரத்தில் ஏறக்குறைய 30 சதவீதம். மீதி 70 சதவீதத்தை விட்டுவிட்டால் அந்த 26-க்கு அர்த்தமே இல்லை. ஹிக்டனிலோ உச்ச வாரத்தில் 64-இல் 32, சரியாகப் பாதி, ஒரே நாளில் வந்து விழுகிறது. அதைக் குறையாகச் சொல்லும் பயிற்சியாளர்கள் உண்டு. அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் லாங் ரன்னுக்கு வாரத் தூரத்தில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் 30 சதவீதம் என்றும், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் வரம்பு வைக்கிறார்.

ஆனால் கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் இந்தச் சண்டை தீராது. கடிகாரத்தைப் பாருங்கள். 1 மணி 45 நிமிடத்தில் அரை மாரத்தான் ஓடும் ஒருவரின் லாங் ரன் வேகம் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 32 கி.மீ. என்பது 3 மணி 12 நிமிடம். 2 மணி 15 நிமிடத்தில் அரை மாரத்தான் ஓடும் இன்னொருவர் 7:30 வேகத்தில் லாங் ரன் போகிறார். அவருக்கு 26 கி.மீ.க்கே 3 மணி 15 நிமிடம் ஆகிவிடும், 32-க்கு முழுதாக 4 மணி நேரம். ஒரே பிளானை இருவரும் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டாலும் இருவர் செய்வதும் ஒரே பயிற்சி இல்லை. மூன்று, மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும் கூடுதல் பலன் குறைவு. தேறி எழ ஆகும் நாட்களோ கூடிக்கொண்டே போகும். ஞாயிறு 4 மணி நேரம் ஓடிவிட்டு வியாழன்வரை கால் வலியோடு இருந்தால் அந்த வாரத்தின் மற்ற ஓட்டங்கள் கெட்டன.

அதனால் மெதுவாக ஓடுகிறவர் 32-ஐத் தொட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 28 கி.மீ.யோடு நிறுத்திக்கொண்டு, முந்தைய நாள் 10 கி.மீ. மெதுவாக ஓடிச் சேர்த்தால் இரண்டு நாளில் 38 கி.மீ. கிடைக்கிறது. காலுக்கு அடி குறைவு, களைத்த காலோடு ஓடும் பழக்கமும் வருகிறது.

ஹேன்சன்ஸில் இன்னொரு கவனம் தேவை. எல்லா வியாழக்கிழமைகளும் உங்கள் இலக்கு நேரத்தின்மேல் கட்டப்பட்டவை. இலக்கைக் கொஞ்சம் பேராசையாக வைத்துவிட்டால் வாரத்துக்கு ஒரு பந்தயம் ஓடியதாகிவிடும். ஏற்கெனவே வாரம் ஐந்து நாள், 50 கி.மீ.க்குக் குறையாமல், சில மாதங்கள் வலியில்லாமல் ஓடியவருக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

வாரம் மூன்று நாள்தான் என்றால்

அதற்கும் இரண்டு வழி இருக்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசை.

அமெரிக்காவின் ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபர்ஸ்ட் முறையில் மூன்றே ஓட்டம்: இன்டர்வல் ஒன்று, டெம்போ ஒன்று, லாங் ரன் ஒன்று. இரண்டு நாள் சைக்கிள், நீச்சல் அல்லது ரோயிங். அதையும் ஒப்புக்குச் செய்யக் கூடாது. எல்லாவற்றுக்கும் குறித்த வேகம் உண்டு, லாங் ரன்னுக்கும்கூட. சும்மா ஆசுவாசமாக ஓடும் நாளே கிடையாது. சைக்கிளும் நீச்சலும் ஏற்கெனவே பழகியவர்களுக்கு அருமையான முறை. மூன்று நாள்தானே, சுலபம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இல்லை. குதிகால் தசைநாணும் பின்தொடையும் தொந்தரவு தரும் ஆளாக இருந்தால் இதன் பக்கமே போக வேண்டாம்.

1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலவே வகுத்த முறை வேறு மாதிரி. வார நடுவில் அரை மணி நேர ஓட்டம் இரண்டு, வார இறுதியில் ஓட்டமும் நடையும் கலந்த லாங் ரன். கடைசி மாதங்களில் இந்த லாங் ரன் ஒவ்வொரு வாரமும் வராது, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான். ஆனால் அது முழு மாரத்தான் தூரம்வரை போகும். இலக்கு வேகத்தைவிட மைலுக்கு 2 நிமிடம், அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 1:15, மெதுவாகப் போக வேண்டும். கிலோமீட்டருக்கு 7 நிமிட இலக்கு வைத்தவருக்கு இது 8:15. 42 கி.மீ.க்குக் கிட்டத்தட்ட ஐந்தேமுக்கால் மணி நேரம். கொஞ்சம் முன்னால் நீண்ட நேரம் வேண்டாம் என்று சொன்னேனே என்றால், இங்கே நடை இடைவேளைகள் அடியைக் குறைக்கின்றன, அடுத்த லாங் ரன்னுக்கு முன் தேற நாட்களும் இருக்கின்றன.

இந்த முறையின் உயிர், நடையை எப்போது தொடங்குவது என்பதில் இருக்கிறது. களைத்த பிறகு நடப்பது எல்லோரும் செய்வது. இதில் முதல் கிலோமீட்டரிலேயே, கால் புத்துணர்ச்சியோடு இருக்கும்போதே, 30 நொடி நடக்க வேண்டும். பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் தாண்டிப் போவார்கள், கூச்சமாக இருக்கும். 32-ஆம் கிலோமீட்டரில் அவர்களில் பலரை நீங்கள் தாண்டுவீர்கள். ஓட்டப் பந்தயத்தில் நடப்பதா என்று இதை மட்டமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. 5 மணி நேரத்தை ஒட்டி முடிக்கப் போகிறவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை. பந்தயத்தை முடிக்க அனுமதிக்கும் அதிகபட்ச நேரத்தை, அதாவது கட் ஆஃபை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளானுக்குள் அடங்காதது

எந்த பிளானை எடுத்தாலும் சாப்பாட்டுப் பயிற்சியை நீங்களேதான் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பரவலான பரிந்துரை. ஓடும்போதே உறிஞ்சும் இனிப்புக் கூழான ஜெல்லின் ஒரு பாக்கெட்டில் பொதுவாக 20 முதல் 25 கிராம் இருக்கும். நாலரை மணி நேரம் ஓடுகிறவர் மணிக்கு 45 கிராம் எடுப்பதென்றால் மொத்தம் 200 கிராம், அதாவது எட்டு முதல் பத்துப் பாக்கெட். இதைப் பழகாத வயிறு பந்தய நாளில் ஏற்காது. ஓடும்போது ரத்தம் காலுக்குப் போய்விடுவதால் செரிமானம் மந்தமாகத்தான் இருக்கும். லாங் ரன்களில் முதல் அரை மணி நேரத்திலேயே தொடங்கிப் பழக்க வேண்டும். ஹேன்சன்ஸ், ஃபர்ஸ்ட் காரர்களுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் வேகம் கூடினால் வயிறு இன்னும் முரண்டு பிடிக்கும்.

தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்துதான். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. பந்தயத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களிடம்தான் இது அதிகம். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

டேப்பரில், அதாவது பந்தயத்துக்கு முன் பயிற்சியைக் குறைப்பதில், பெரிய தகராறு இல்லை. ஹிக்டனில் மூன்று வாரம், ஹேன்சன்ஸில் ஏறக்குறைய பத்து நாள். இரண்டு வாரம், வேகத்தைக் கைவிடாமல் தூரத்தை மட்டும் ஏறக்குறைய பாதியாகக் குறைப்பது பெரும்பாலானோருக்குப் போதும்.

சரி, எதை எடுப்பது?

அரை மாரத்தானை 2 மணி நேரம் முன்பின்னாக முடித்து, வாரம் 35, 40 கி.மீ. ஓடும் சராசரி ஆளுக்கு என் பதில் ஹிக்டனின் இரண்டாம் தொடக்கநிலைப் பிளான். லாங் ரன்னை மட்டும் தூரத்தால் அளக்காமல் மூன்றேகால் மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். 1:45-க்குள் ஓடி, வாரம் ஐந்து நாள் பழகியவர் ஹேன்சன்ஸைப் பார்க்கலாம். அரை மாரத்தானுக்கு 2:20-க்கு மேல் எடுப்பவர் தயங்காமல் கேலவே.

இடையில் காய்ச்சலோ வேலையோ வந்து பயிற்சி விட்டுப்போவதையும் கணக்கில் வையுங்கள். ஒரு வாரம் போனால் எந்த பிளானிலும் ஒன்றும் குடி முழுகிவிடாது, விட்டதைத் திரும்பப் பிடிக்கப் பார்க்காமல் அடுத்த வாரத்திலிருந்து தொடரலாம். இரண்டு வாரம் போனால் கேலவேயும் ஹிக்டனும் தாங்கும். லாங் ரன்னை ஒரு படி இறக்கித் தொடர்ந்தால் போதும். ஹேன்சன்ஸில் சேர்ந்துவந்த களைப்புதான் அஸ்திவாரம் என்பதால் இலக்கு நேரத்தையே தளர்த்த வேண்டிவரும். கடைசி எட்டு வாரத்துக்குள் மூன்று வாரத்துக்கு மேல் விட்டுப்போனால், அந்தப் பந்தயத்தில் அரை மாரத்தானுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுவிடுங்கள். பல பந்தயங்களில் அந்த வசதி உண்டு, ஆனால் அதற்கும் கடைசித் தேதி இருக்கும்.