ஒரே பைபர் சுருள், இரண்டு வேலைகள்: நுண்ணலை ஒசிலேட்டர்களில் எது எதற்கு?

வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடியில் கழற்றிப் போட்டிருந்த பழைய டிஷ் அன்டனாவின் எல்.என்.பி.யை (செய்மதி சிக்னலை வாங்கிக் குறைந்த மீடிறனுக்கு இறக்கும் முனைப்பெட்டியை) போன மாதம் திறந்து பார்த்தேன். கடல்காற்றில் ஆணிகள் எல்லாம் துருப்பிடித்திருந்தன. தேங்காயெண்ணெய் விட்டு ஒவ்வொன்றாகத்தான் கழற்ற வேண்டியிருந்தது. உள்ளே, இரண்டு திருகுகளுக்கு நேர் கீழே, சட்டைப் பொத்தானை விடச் சிறிய இரண்டு செரமிக் வில்லைகள். ஒன்று 9.75 கிகாஹேர்ட்ஸ், மற்றது 10.6. செய்மதி சிக்னலோடு கலந்து அதைக் கீழே இறக்கும் நுண்ணலை இத்தனை வருடமும் அந்த வில்லைகளின் பரிவில்தான் பிறந்தது. இப்படித் தானாக அலை பிறப்பிக்கும் சுற்றைத்தான் ஒசிலேட்டர் என்பார்கள்.

புதிய எல்.என்.பி.களில் வில்லை இல்லை. ஒரு குவார்ட்ஸ் படிகம் சில பத்து மெகாஹேர்ட்ஸில் துடிக்கும். அதன் மீடிறனைப் பெருக்கி மேலே கொண்டுபோவார்கள். வெயில் ஏறினாலும் மீடிறன் அவ்வளவாக நகராது. ஆனால் பெருக்கும்போது அவத்தை இரைச்சலும் (அலையின் தாளத்தில் வரும் சின்னச் சின்ன நடுக்கம்) சேர்ந்து பெருகும். 10 மெகாஹேர்ட்ஸை 10 கிகாஹேர்ட்ஸ் ஆக்கினால், அதாவது 1000 மடங்கு பெருக்கினால், இரைச்சல் 60 டெசிபெல் ஏறும். தொலைக்காட்சிக்கு அது பெரிய விஷயமே இல்லை. மெதுவாக நகரும் சின்னப் பொருளைத் தேடும் ரேடாருக்கு அதுதான் தலைவலி: பொருளின் எதிரொலி அந்த இரைச்சலுக்குள் மூழ்கிவிடும்.

ஒளி-இலத்திரனியல் ஒசிலேட்டர் இங்கேதான் வருகிறது. நாசாவின் ஜே.பி.எல். ஆய்வுகூடத்தில் ஸ்டீவ் யாவோவும் லூட் மலேக்கியும் 1990களின் நடுப்பகுதியில் கொண்டுவந்தது. லேசர் ஒளியை நுண்ணலையால் பண்பேற்றி (அலையின் தாளத்தில் ஒளியை ஏற்றி இறக்கி), ஒரு கிலோமீற்றர் பைபருக்குள் அனுப்பி, மறுமுனையில் போட்டோடயோடால் திரும்ப மின்னாக்கி, வடிகட்டி, பெருக்கி, மறுபடி பண்பேற்றிக்கே ஊட்டுகிறார்கள். வட்டம் தானாகவே பாடத் தொடங்கும். மெல்லிய கோஅக்சியல் கேபிளில் 10 கிகாஹேர்ட்ஸ் ஒரு மீற்றர் போவதற்குள்ளேயே ஒரு டெசிபெல்லுக்கு மேல் இழந்துவிடும். பைபரில் ஒளி ஒரு முழுக் கிலோமீற்றர் போனாலும் இழப்பு 0.2 டெசிபெல்தான். அதனால் சிக்னலை 4.9 மைக்ரோ செக்கன் பிடித்து வைக்க முடிகிறது. இந்த வகையில் இரைச்சலைத் தீர்மானிப்பது அந்தத் தாமதம். மீடிறன் ஏறுவதற்காக மட்டும் இரைச்சல் ஏறாது. நீண்ட பைபரோடு 10 கிகாஹேர்ட்ஸில், பிரதான அலையிலிருந்து 6 கிலோஹேர்ட்ஸ் தள்ளிப் பார்த்தால், இரைச்சல் ஒரு ஹேர்ட்ஸுக்கு அந்த அலையை விட 163 டெசிபெல் கீழே இருப்பதை 2008இல் காட்டியிருக்கிறார்கள். எனக்கு இது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

சரி, விலை என்ன? கூட்டம். ஒரு கிலோமீற்றர் வட்டத்தில் 204 கிலோஹேர்ட்ஸுக்கு ஒன்றாக மோட்கள், அதாவது அந்த வட்டம் பாடக்கூடிய மீடிறன்கள், வரிசையாக நிற்கும். 10 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள வடிகட்டி போட்டால், அதற்குள் ஏறத்தாழ ஐம்பது மோட்கள். தனி மோட் வகையில் அதில் ஒன்றுதான் பாட வேண்டும். மற்றதெல்லாம் வாயை மூட வேண்டும். நீளம் வேறுபட்ட இரண்டாவது பைபர் வட்டம் ஒன்றைச் சேர்த்து, இரண்டுக்கும் பொதுவான மோட்டை மட்டும் வாழவிடுவது வழக்கமான வைத்தியம்.

மோட் லொக்கிங் இதை அப்படியே தலைகீழாக்குகிறது: ஐம்பது பேரும் பாடட்டும், ஆனால் ஒரே தாளத்தில். எங்கள் வீதி முனையிலுள்ள ரயில் கடவையை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டம் சிக்னலைப் பலப்படுத்தும் அளவை 204 கிலோஹேர்ட்ஸில் ஏற்றி இறக்கினால், 4.9 மைக்ரோ செக்கனுக்கு ஒரு தரம் கடவை திறக்கும். திறந்திருக்கும் நேரத்தில் வந்து சேரும் அலைக்கு மட்டும்தான் வாழ்வு. மோட்களின் அவத்தைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, சுமார் 100 நானோ செக்கன் அகலமான நுண்ணலைத் துடிப்புகளாக வெளியே வரும். ஒவ்வொன்றுக்குள்ளும் 10 கிகாஹேர்ட்ஸ் அலை ஆயிரம் தரம் ஆடியிருக்கும். வெளியிலிருந்து ஊட்டாமலும் செய்யலாம்: பலவீனமான சிக்னலை விழுங்கி, பலமானதை மட்டும் விடும் ஒரு மின்சுற்றை வட்டத்தில் வைத்தால் போதும். லெவியும் ஹோரோவிட்ஸும் 2011இல் அந்த வழியில் ஒரே அலைச்சுழற்சி நீளமான துடிப்புகளைக் காட்டினார்கள்.

இதைத் தனி மோட் வகையின் 'அடுத்த பதிப்பு' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒரு சுத்தமான தனிச்சுரம் வேண்டுமென்றால் மோட் லொக்கிங் வெறும் சக்தி விரயம். சக்தி ஐம்பது கோடுகளாகப் பிரிந்துவிடும். துடிப்பு ரேடாருக்கு அது பொருந்தும், ஆனால் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 4.9 மைக்ரோ செக்கன் இடைவெளியென்றால் குழப்பமில்லாமல் அளக்கக்கூடிய தூரம் 735 மீற்றர்தான். காலிமுகத்திடலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்க்கலாம், அதற்கப்பால் கொஞ்சம். பத்துக் கிலோமீற்றர் பைபர் போட்டால் ஏழு கிலோமீற்றருக்கு மேல் வரும். 100 நானோ செக்கன் துடிப்பு 15 மீற்றரைத்தான் பிரித்துக் காட்டும், 1.5 மீற்றர் வேண்டுமானால் வடிகட்டியை 100 மெகாஹேர்ட்ஸ் ஆக அகலப்படுத்த வேண்டும். மீடிறன் வழுக்கிப்போகும் நீண்ட சிக்னல் தேவையா? அதற்கு வடிகட்டியையே சுற்றுநேரத்துக்கு ஒத்திசைவாக நகர்த்தும் இன்னொரு வகை, 2018இல் சீன ஆய்வாளர்கள் காட்டியது, இன்னும் பொருத்தம்.

கொழும்பில் நான் முதலில் பார்ப்பது வெக்கையை. பைபரின் தாமதம் ஒரு பாகைக்குப் பத்து இலட்சத்தில் ஏழு பங்கு அளவில் கூடும். 10 கிகாஹேர்ட்ஸில் அது 70 கிலோஹேர்ட்ஸ். கரண்ட் போய், ஏ.சி. நின்று, அறை 24இலிருந்து 30 பாகைக்கு ஏறினால் தனி மோட் ஒசிலேட்டர் இரண்டு மோட் இடைவெளிக்கு நகர்ந்துவிடும். நடுவில் பக்கத்து மோட்டுக்குத் தாவியும் இருக்கும். மோட்-லொக் செய்த வகையில் அதே ஆறு பாகைக்கு, துடிப்பு சுற்றுக்குச் சுற்று 0.2 நானோ செக்கன் பிந்தி வந்து கடவையில் நிற்கும். அந்த 204 கிலோஹேர்ட்ஸை வெளியிலிருந்து ஊட்டாமல், வெளிவரும் துடிப்புத் தொடரிலிருந்தே பிரித்தெடுத்துத் திருப்பி ஊட்டினால் கடவையும் கூடவே நகரும்; லேசர்களில் நன்றாகப் பழகிய வித்தை இது. தனி மோட்டுக்கு அப்படி ஒரு குறுக்குவழி இல்லை. சுருளை ரெஜிஃபோம் பெட்டிக்குள் வைத்து, சின்ன ஹீட்டரால் 40 பாகையில் பிடித்து வைப்பதுதான். இந்த ஊரில் குளிர வைப்பதை விடச் சூடாக வைத்திருப்பது சுலபம்.