கார்பன் டை ஆக்சைடு மீட்டர்: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

நான் ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர். சுண்ணாம்பு நீரில் ஊதினால் பால்போல் கலங்கும் என்று காட்டியே முப்பத்தைந்து வருடம் ஓட்டியவன். அந்த வாயுவை ஒரு தடவையாவது எண்ணாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் இதை வாங்கினேன். விலை 7,200 ரூபாய்.

இது இரண்டாவது மீட்டர். முதலில் 1,400 ரூபாய்க்கு ஒன்று வாங்கி ஏமாந்தேன். வீட்டில் சாம்பிராணி போட்டால் 3,000 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் இந்த வாயு எத்தனை பங்கு என்ற கணக்கு) காட்டும். சானிடைசர் பாட்டிலைத் திறந்தாலும் 3,000. ஏதோ ஆவியை மோந்து பார்த்து ஊகித்துச் சொல்கிற டப்பா அது. ஆகவே வாங்கும்போது 'என்டிஐஆர்' சென்சார் என்று போட்டிருக்கிறதா எனப் பாருங்கள். உள்ளே ஒரு சின்ன அகச்சிவப்பு விளக்கு இருக்கும். நடுவில் உள்ள வாயு அந்தக் கதிரை எவ்வளவு விழுங்குகிறது என்பதை வைத்துக் கணக்கு. 1859-இல் இயற்பியலாளர் ஜான் டிண்டால் லண்டனில் செய்து காட்டியதும் அடிப்படையில் இதுதான். 1896-இல் ஸ்வீடன் விஞ்ஞானி அரீனியஸ், இந்த வாயு இரட்டித்தால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று பேனாவும் தாளுமாக உட்கார்ந்து கணக்கே போட்டுவிட்டார்.

வீட்டுக்குள் மீட்டர் நன்றாக வேலை செய்கிறது. ஏசி போட்டு, கதவு ஜன்னல் அடைத்து இருவர் தூங்கினால் விடியற்காலையில் 2,100 பிபிஎம். ஜன்னலை நாலு விரல் திறந்து வைத்தால் 900. "காலையில தலை பாரமா இருக்குன்னு நான் சொன்னப்ப நம்பல, டப்பா சொன்னா நம்புறீங்க" என்றாள் மனைவி. பதில் இல்லை என்னிடம். அலாரம் சத்தம்தான் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாளே அணைத்துவிட்டோம்.

குறை மொட்டை மாடியில்தான் தெரிந்தது. எப்போது வைத்தாலும் 400-ஐ ஒட்டியே காட்டியது. ஹவாயின் மௌனா லோவா மலையில் உள்ள காற்று அளவீட்டு நிலையத்தில் 2025 மே மாதச் சராசரியே 430-ஐத் தாண்டிவிட்டதே! கையேட்டைப் புரட்டினால் விஷயம் புரிந்தது: வாரத்தில் பதிவான மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு, அதை 400 என்று தானே திருத்திக்கொள்கிறது. இந்த டப்பாவுக்கு உலகம் 2015-லேயே நிற்கிறது.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். "வித்தியாசம் மிகவும் சிறியது, கண்டுகொள்ள வேண்டாம்" என்று பதில். படுக்கையறைக்கு அது சரியான பதில்தான். ஆனால் இந்த வாக்கியத்துக்கு வயது அதிகம். வெளிக்காற்றில் இந்த வாயு ஏற ஏற, எச்சரிக்கைகள் வர வர, உலகமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. 1958-இல் அமெரிக்க விஞ்ஞானி கீலிங் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது 315-ஐ ஒட்டி இருந்தது. நான் பிறந்த 1965-இல் 320. அந்த வருடமே அமெரிக்க அதிபர் ஜான்சனுக்கு அவருடைய அறிவியல் குழு இதைப் பற்றி எச்சரித்து அறிக்கை கொடுத்தது. 1979-இல் அமெரிக்க விஞ்ஞானிகளின் சார்னி குழு, இந்த வாயு இரட்டித்தால் பூமி 3 டிகிரி சூடாகும், கூடக்குறைய ஒன்றரை என்றது. எக்ஸான் எண்ணெய்க் கம்பெனி விஞ்ஞானிகள் 1982-இல் வரைந்து உள்ளுக்குள் சுற்றுக்கு விட்ட வரைபடம், 2020 வாக்கில் 400-ஐத் தாண்டும் என்று காட்டியது. தாண்டியது. 1988-இல் நாசா விஞ்ஞானி ஹான்சன் அமெரிக்க செனட் குழு முன்பு, சூடேற்றம் தொடங்கிவிட்டது என்று சாட்சி சொன்னார். இரண்டு வருடம் கழித்து நான் வேலைக்குச் சேர்ந்தபோது 354.

அடுத்தவரைச் சொல்வானேன். காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.03 சதவீதம் என்று, அது 0.04 ஆன பிறகும், பழக்கத்தில் சொல்லிக்கொடுத்தவன்தான் நானும்.

சரி, மீட்டருக்கு வருகிறேன். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். வாங்கியதும் அமைப்புகளில் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிடுங்கள். காற்றோட்டமான மதியத்தில் மாடியில் இருபது நிமிடம் வைத்து, மூச்சு படாமல் தள்ளி நின்று, நீங்களே எண்ணைப் பதியுங்கள். நான் 428 வைத்திருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு, மூன்று கூட்டிக்கொண்டே போக வேண்டும்.