ஊர்ப் பள்ளிக்காக நிற்பவர் எந்த நாற்காலிக்கு நிற்பது?

எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டம் முக்கூடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் தங்கச்சி ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார்: "பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் அண்ணாச்சி. எதற்கு நின்றால் காரியம் நடக்கும்?" மடியில் பீடித் தட்டு, தட்டில் நனைத்து வெட்டிய இலை. பேசும்போதும் விரல்கள் நிற்கவில்லை. அவருடைய இளைய மகன் ஊரிலுள்ள ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். கழிப்பறைச் சுவரில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததை இந்தப் பக்கத்தில் எந்தத் தாயும் மறக்கவில்லை.

அவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: பள்ளி மேலாண்மைக் குழு, பெற்றோர் ஆசிரியர் கழகம், ஊராட்சி வார்டு. நான்காவதாக ஒன்றும் உண்டு. அது அவருக்கு உதவாது, இருந்தாலும் பிறகு சொல்கிறேன். திருநெல்வேலி, தென்காசி மாவட்டக்காரர்களுக்கு ஒரு விசேஷம். மாவட்டங்களைப் பிரித்ததால் இங்கே ஊராட்சித் தேர்தல் தள்ளிப்போய் 2021 அக்டோபரில்தான் நடந்தது. ஐந்தாண்டுக் காலம் 2026-இல் முடிகிறது. 2024 ஆகஸ்டில் மாற்றியமைத்த பள்ளி மேலாண்மைக் குழுக்களின் இரண்டாண்டுக் காலமும் அதே 2026-இல்தான் முடிகிறது. ஆகவே இந்தக் கேள்வி காலம் பார்த்து வந்த கேள்விதான்.

முதலில் பெற்றோர் ஆசிரியர் கழகம். இது பழைய வண்டி, ஆனால் ஓடுகிற வண்டி. பணம் திரட்டும், ஆண்டு விழா நடத்தும், ஆசிரியர் இல்லாத பாடத்துக்குத் தொகுப்பூதியத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளும். மும்பையில் கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர் கோயில் கொடை விழாவுக்கு வரும்போது இருபது நாற்காலி வாங்கித் தருகிறேன் என்றால், அதை வாங்கி வைக்கும் கை இதுதான். குறை என்னவென்றால், தலைவர் பதவி பெரும்பாலும் ஊரில் பசையுள்ளவரின் வீட்டுத் திண்ணையை விட்டு நகர்வதில்லை. யார் கொடுக்கிறாரோ அவர்தான் பேசுவார். ஆயிரம் பீடி சுற்றிக் கூலி வாங்குகிறவர் அந்தக் கூட்டத்தில் எவ்வளவு நேரம் பேச முடியும்?

வார்டு உறுப்பினர் பதவிக்கு வேறு மாதிரிக் கவர்ச்சி. வாக்குச்சீட்டில் பெயர், சின்னம், வென்றால் ஐந்து ஆண்டு. கட்சிச் சின்னம் கிடையாது, உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் உண்டு. ஆகவே நிற்பது நடக்காத காரியமில்லை. பள்ளிக்குத் தண்ணீர்க் குழாய், வாசலில் தெருவிளக்கு, சுற்றிலும் குப்பை எல்லாம் ஊராட்சியின் கையில். ஆனால் அவருடைய மனத்தில் இருப்பது அந்தச் சுவர். ஒன்றியப் பள்ளியின் கட்டிடம் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு; வார்டு உறுப்பினர் தீர்மானம் போட்டு மேலே அனுப்பலாம், அவ்வளவுதான். தீர்மானம் மட்டும் போதுமென்றால் தேர்தலில் நிற்கவே வேண்டாம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள யாரும் எழுந்து பேசலாம். அதோடு வார்டுத் தேர்தல் வந்தால் பிரியாணியும் புடவையும் வந்துவிடும். கடன் வாங்காமல் நின்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மூன்றாவது, மேலாண்மைக் குழு. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் பிறந்தது. முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு அவர்கள் விகிதப்படி இடம். தமிழ்நாட்டில் 2022-இல் 20 பேராக அமைத்தபோது தலைவர் பதவியைப் பெற்றோரில் ஒரு பெண்ணுக்கு என்று வைத்தார்கள். 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேரானது. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும் வருகிற நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இந்தக் குழுவின் வேலை என்று சட்டமே சொல்கிறது. 2022 ஜூலையில் மாநிலம் முழுவதும் 13,331 ஆசிரியர் காலியிடங்களைத் தற்காலிகமாக நிரப்பும் வேலை இந்தக் குழுக்களிடம் வந்தது. அதுவரை 'அது ஏதோ பொம்பளைகள் கூட்டம்' என்று இருந்த சிலருக்கு அப்போதுதான் திடீரென்று அக்கறை பிறந்தது.

காகிதத்தில் இவ்வளவு பலம். நடப்பு வேறு. என் மதினி ஒரு பள்ளியில் உறுப்பினராக இருந்தார். கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல். அவரோ பீடிக் கட்டுகளைக் கடையில் ஒப்படைத்துவிட்டு இலைக்கும் தூளுக்கும் காத்திருப்பார். மறுநாள் ஒரு சிறுவன் தீர்மானப் புத்தகத்தைக் கொண்டுவருவான். மதினி புகையிலைத் தூள் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். ஒருமுறை நான் அருகில் இருந்து பார்த்தேன். தேதிக்கும் கையெழுத்துக்கும் இடையில் ஆறு வரி வெற்றிடம். என்ன தீர்மானம் என்று கேட்டதற்கு, "சார் எழுதிக்கொள்வார்" என்றான் பையன். தலைவராக நிற்க நினைப்பவர் முதலில் எடுக்க வேண்டிய உறுதிமொழி என்னைக் கேட்டால் இதுதான்: வெற்றிடத்துக்குக் கீழே கையெழுத்துப் போடமாட்டேன்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பிள்ளை பள்ளியை விட்டுப் போனால் பெற்றோர் என்ற தகுதியும் போய்விடும். தங்கச்சியின் மகன் வரும் கல்வியாண்டில் நான்காம் வகுப்பு, அடுத்து ஐந்தாம் வகுப்பு. இரண்டாண்டுக் காலத்துக்குச் சில மாதம் குறையும், பெரிதாக ஒன்றும் இல்லை. மூத்தவளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, அவள் ஆறாம் வகுப்புக்கு வெளியூர் போய்விட்டாள்.

நான்காவது வழி என்றேனே, அது உதவிபெறும் பள்ளிகளின் நிர்வாகம். பாளையங்கோட்டையிலிருந்து குக்கிராமம் வரை திருச்சபைகளும், உறவின்முறைகள் எனும் சாதிச் சங்கங்களும் நடத்தும் பள்ளிகள் இந்தச் சீமையில் நிறைய. அங்கேயும் மேலாண்மைக் குழு இருக்கலாம். ஆனால் 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உதவிபெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் பள்ளிகளிலும் அதற்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டுமே. முடிவு எடுப்பது நிர்வாகம். அந்த நிர்வாகத்துக்கான தேர்தல் திருநெல்வேலியில் எப்படிச் சூடு பிடிக்கும் என்பது சுவரொட்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆனால் வாக்கு சபையாருக்கும் உறவின்முறையாருக்கும்தான். பிள்ளையைப் படிக்க வைக்கும் பிற பெற்றோருக்கு இல்லை.

ஆக என் தீர்ப்பு மேலாண்மைக் குழுத் தலைவர் பதவிக்கே. வார்டில் இருக்கும் ஐந்து ஆண்டும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருக்கும் பணமும் இங்கே இல்லை. ஆனால் வெடித்த சுவரை மேம்பாட்டுத் திட்டத்தில் முதல் வரியாக எழுதச் சொல்லும் உரிமை சட்டப்படி இங்கே மட்டும்தான் இருக்கிறது. அந்தத் தீர்மானத்தின் நகலை எடுத்துக்கொண்டு கிராம சபையிலும் பேசலாம், ஒன்றிய அலுவலகத்திலும் நிற்கலாம்.

இதைச் சொன்னதும் அவர் கேட்டது வேறு. "கூட்டத்தில் என் பெயரை யார் சொல்வார்கள் அண்ணாச்சி?"

என்னால் சொல்ல முடியாது. என் பிள்ளைகள் படித்து முடித்துப் பல காலமாகிறது. எங்கள் பக்கத்தில் ஒருவரைச் சமுதாய அக்கறை உள்ளவர் என்று சொன்னால், கேட்பவர் மனத்தில் முதலில் எழும் கேள்வி 'எந்தச் சமுதாயம்?' என்பதுதான். அந்தச் சொல்லுக்கு இங்கே சாதி என்றே பொருளாகிவிட்டது. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகும் அந்தப் பொருள் மாறவில்லை. ஒரே தெருவின் தாய்மார்கள் மட்டும் பெயர் சொன்னால் அவர் அந்தத் தெருவின் வேட்பாளர், பள்ளியின் வேட்பாளர் இல்லை. மூன்று பேராவது சொல்ல வேண்டும், மூவரும் ஒரே தெருவாக இருக்கக் கூடாது என்றேன்.

இரண்டு பெயர்களை உடனே சொன்னார், இரண்டும் எங்கள் தெரு. பிறகு கத்தரியைக் கீழே வைத்தார். மேலத்தெருவில் ஒரு அக்காவின் மகள் தன் மகனுடன் ஒரே பெஞ்சில் உட்காருகிறாளாம். "அந்த வீட்டு வாசலை நான் மிதித்ததே இல்லை. எந்த நேரம் போனால் அவர்கள் இருப்பார்கள் அண்ணாச்சி?" என்றார்.